பதினோரு வருடமாகியும் நான் அசலூர்க்காரிதானா?

கேள்வி:

என் வயது 36. திண்டுக்கல் பக்கம் பிறந்து, திருமணமாகிக் கோபிசெட்டிபாளையம் அருகே ஒரு கிராமத்துக்கு வந்து 11 வருடங்கள் ஆகின்றன. எங்கள் தெருவில் 14 பேர் கொண்ட மகளிர் சுயஉதவிக் குழுவில் 5 வருடமாக இருக்கிறேன். ஒரு மாதம்கூடச் சந்தா தவறியதில்லை. ஒரு ரூபாய் கடன் வாங்கியதும் இல்லை. கூட்டத்துக்குப் போய்ச் சந்தாவைக் கட்டிவிட்டு உடனே கிளம்பிவிடுவேன். யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டேன். அப்படியிருந்தும் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு மாறிவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் இன்னமும் ‘அசலூர்க்காரி’ என்றுதான் சொல்கிறார்களாம்.

எனக்கு 13 வயதாக இருந்தபோது அம்மா தெருவில் சீட்டுப் பிடித்தார். முதலில் சீட்டை எடுத்த இருவர் மீதித் தவணையைக் கட்டாமல் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா தாலிக்கொடியை விற்று எல்லோருக்கும் பணம் கொடுத்தார். அதைப் பார்த்து வளர்ந்ததால் நான் யாருக்கும் கைமாற்றுக் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. போன வருடம் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு மகனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கணவர் வெளியூரில் இருந்தார். பக்கத்து வீட்டு அக்காவின் மகனிடம் வேன் இருக்கிறது. தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்று டவுனிலிருந்து ஆட்டோ வரவழைத்துப் போனேன். மறுநாள் அக்கா, “சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு முன்போல் பேசுவதில்லை.

இப்போது குழு வங்கியில் 7 லட்சம் ரூபாய் கடன் கேட்கப்போகிறது. பழைய பிரதிநிதி ஊர் மாறிப் போவதால், என்னைப் பிரதிநிதியாக இருந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கணவர் கூடவே கூடாது என்கிறார். போடலாமா? போட்டால்தான் நான் இவர்களில் ஒருத்தி ஆவேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் 7 லட்சம் ரூபாய்க்கான கையெழுத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது அந்த இரவு ஒரு மணி ஆட்டோதான். அதிலிருந்தே தொடங்குகிறேன். மனநல ஆலோசகராக இத்தனை வருடத்தில் நான் கேட்ட மனத்தாங்கல்களில் பாதி, யாரோ செய்த கெடுதலால் வந்தவை. மீதிப் பாதி, யாரோ கேட்காமல் விட்ட உதவியால் வந்தவை.

நீங்கள் அக்காவின் தூக்கத்தைக் காப்பாற்ற நினைத்தீர்கள். அக்காவின் பக்கத்திலிருந்து அதைப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. வாசலில் வேன் நிற்கிறது. ஓட்ட மகன் இருக்கிறான். எட்டு கிலோமீட்டரோ பத்து கிலோமீட்டரோ தாண்டி, முன்பின் தெரியாத ஒருவரின் ஆட்டோ அந்தத் தெருவுக்குள் வந்து, அவர் வாசலைக் கடந்து போயிருக்கிறது. காலையில் யாரோ கேட்டிருப்பார்கள், “பக்கத்து வீடுதானே, உனக்குத் தெரியாதா?” என்று. அக்காவால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? “சொல்லியிருக்கலாமே” என்ற ஒற்றைச் சொல்லில் இருந்தது கோபம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அதில் அவமானம் கேட்கிறது. இவள் நம்மை நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். யாரையும் எதுவும் கேட்காதவர் யாருக்கும் பாரமாக இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அக்கம்பக்கத்தார் அதைப் பெருந்தன்மையாகப் பார்ப்பதில்லை, தள்ளிவைப்பதாகவே பார்க்கிறார்கள்.

நான் வளர்ந்தது பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் இருக்க வேண்டியதில்லை. பணம் தேவைப்படுகிற வீட்டார் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, மொய் வாங்குவார்கள். என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் நான்கைந்து மொய் நோட்டுகள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் நேராக நமக்கு வந்தது, நாம் செய்தது என்று வரிசையாக எழுதியிருக்கும். சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். வாங்கிய ஐநூறை அப்படியே திருப்பிச் செய்யாமல் ஏன் கொஞ்சம் கூட்டிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா நோட்டை மூடிக்கொண்டே சொன்னார்: “ஐநூறுக்கு ஐநூறு செய்தால் கணக்கு முடிந்துவிடும். அப்புறம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் எந்த முகத்தோடு போவது?” அந்த ஊரில் ஒருவரிடம் கொஞ்சம் பாக்கி வைத்திருப்பதுதான் உறவு. உங்கள் கணக்கோ 11 வருடமாகச் சுத்தமாக இருக்கிறது. யாருக்கும் நீங்கள் பாக்கியில்லை. அதனால் யாரும் உங்களைத் தேடி வர ஒரு காரணமும் இல்லை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் தன் அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்து எடுத்த முடிவு இது. அந்த வயதில் வேறு என்ன முடிவெடுக்க முடியும்?

அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஐரிஸ் போனெட், ரிச்சர்டு ஜெக்ஹவுசர் இருவரும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பணம் போய்விடக்கூடிய இரண்டு சூழல்கள். ஒன்றில் முடிவைச் சொல்வது குலுக்கல். இன்னொன்றில் முன்பின் தெரியாத ஒரு மனிதர். குலுக்கலைவிட மனிதரிடம் பணத்தை ஒப்படைக்க, ஆட்கள் கூடுதலான வெற்றிவாய்ப்பைக் கேட்டார்கள். நஷ்டம் இரண்டிலும் ஒன்றுதான். மழை பெய்து வெள்ளாமை போனால் தாங்கிக்கொள்கிற மனது, கூடப் பழகியவர் ஏமாற்றினால் தாங்குவதில்லை. உங்கள் வீட்டில் போனது தாலிக்கொடி மட்டுமாக இருந்தால் இத்தனை வருடத்தில் அது ஆறியிருக்கும். தெருவில் அக்கா, அத்தை என்று அழைத்தவர்கள் போனதுதான் ஆறவில்லை.

ஆனால் அன்று நடந்ததை இப்போது 36 வயதுக் கண்ணால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பதிவு செய்யாத சீட்டு. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. எடுத்தவர்களிடம் ஜாமீன் வாங்கியதாக நீங்கள் எழுதவில்லை. தெருச் சீட்டில் பெரும்பாலும் வாங்குவதும் இல்லை. எல்லோருடைய நஷ்டத்துக்கும் உங்கள் அம்மா ஒருவரே பொறுப்பு. அவர் மனிதர்களை நம்பியது தவறென்று நான் நினைக்கவில்லை. அத்தனை பேருடைய பாரமும் ஒரே கழுத்தில் தொங்கும்படி அந்த ஏற்பாடு இருந்தது, அதுதான் தவறு. ‘யாரையும் நம்பாதே’ என்ற பாடத்தோடு நீங்கள் வளர்ந்தீர்கள். ‘கணக்கைக் காட்டாத இடத்தில் பணத்தை வைக்காதே’ என்ற பாடம் உங்களுக்கு இன்னும் பயன்பட்டிருக்கும்.

நம்பாமல் இருப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஜப்பானிய சமூக உளவியலாளர் தோஷியோ யமகிஷி இதைத்தான் வெகுகாலம் ஆராய்ந்தார். பொதுவாகப் பிறரை நம்புகிறவர்கள் ஏமாளிகள் என்ற எண்ணத்துக்கு மாறாக, ஒருவர் நம்பத் தகாதவர் என்பதற்கான சின்னச் சின்ன அறிகுறிகளை அவர்களே அதிகம் கவனிக்கிறார்கள் என்று அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். காரணம் எளிது. கொடுத்து வாங்கிப் பழகுகிறவர்களுக்கு, யார் சொன்ன தேதியில் தருகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் கை பழகிவிடுகிறது. ஒதுங்கியே இருப்பவருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. ஒன்று கேட்கிறேன். குழுவில் மற்ற 13 பேரில், குழுவின் சேமிப்பிலிருந்து வாங்கும் உள்கடனை ஒழுங்காகக் கட்டுபவர் யார், தவணைக்கு முதல் நாள் யாருடைய முகம் வாடுகிறது, யாருக்காக யார் போட்டுக் கட்டுகிறார் என்று உங்களால் சொல்ல முடியுமா? ஐந்து வருடம் போயும் முடியாது என்றால், சந்தா கட்டியதும் எழுந்து வந்துவிடுவதுதான் காரணம்.

1989இல் தருமபுரியில் அரசு இந்தக் குழுக்களைத் தொடங்கிய காலத்திலிருந்து கூட்டத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது வெறும் சம்பிரதாயத்துக்காக அன்று. கொல்கத்தாவில் நுண்கடன் குழுக்களை வைத்து ஃபைகன்பெர்க், எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே மூவரும் செய்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. சில குழுக்களை வாரம் ஒருமுறையும் சிலவற்றை மாதம் ஒருமுறையும் கூட வைத்தார்கள். கடன் முடிந்து வெகுநாள் கழித்தும், வாரந்தோறும் கூடிய பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கடனைக் கட்டாமல் விட்டவர்களும் அவர்களில் குறைவு. ஒரே பாயில் அடிக்கடி உட்கார்ந்ததைத் தவிர அவர்கள் கூடுதலாக எதையும் செய்யவில்லை. உங்கள் கூட்டத்திலும் சந்தா எண்ணி முடித்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்குகிறது. நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒருவர் மருமகளைப் பற்றிச் சொல்வார், ஒருவர் ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டைக் காட்டுவார். அந்த நேரத்தில் நீங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடன் வாங்காததையும் அவர்கள் இடத்திலிருந்து பாருங்கள். அவர்கள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும், செத்துப்போன மாட்டுக்குப் பதில் மாடு வாங்கவும் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுக் கேட்டுக் கடன் வாங்கியவர்கள். அவர்கள் கட்டிய வட்டிதான் உங்கள் சேமிப்பையும் சேர்த்து வளர்த்திருக்கிறது. அவர்களுடைய கஷ்டம் உங்களுக்குத் தெரியும். உங்களுடைய கஷ்டம் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்படி ஒருவர் உள்ளே வரும்போது பேச்சு மாறத்தான் செய்யும்.

இனி கையெழுத்து. “போட்டால்தான் ஒருத்தி ஆவேனா” என்ற உங்கள் வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது ஆபத்தான இடம். எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1959இல் காட்டியது இது: ஒரு குழுவில் சேரக் கடுமையான சங்கடத்தைத் தாங்க வைக்கப்பட்ட மாணவிகள், அந்தக் குழு சலிப்பூட்டுவதாக இருந்தும் அதைச் சிறந்ததென்று மதித்தார்கள். பெரிய விலை கொடுத்து நுழைந்தால், விலைக்குத் தக்கபடி கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். உள்ளே சேர்த்துக்கொள்வதற்குக் கட்டணமாக ஒரு பெரிய இடரை யார் கேட்டாலும் தரக் கூடாது. சமூகத்தில் எத்தனையோ பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தது “எங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா” என்ற கேள்விக்குப் பதிலாகத்தான்.

மொரிசியஸ் தீவில் நம் தமிழ் வம்சாவளியினர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். திமித்ரிஸ் சிகாலடாஸ் என்ற மானிடவியலாளரும் அவர் குழுவினரும் அங்கே செய்த ஆய்வு 2013இல் வந்தது. கையில் 200 ரூபாயைக் கொடுத்து, கோயிலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் யாருக்கும் தெரியாமல் போடலாம் என்றார்கள். வெறும் கூட்டு வழிபாட்டில் கலந்துகொண்டவர்கள் சராசரியாக 80 ரூபாய் அளவில் போட்டார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 130 ரூபாயைத் தாண்டினார்கள். அவர்களோடு கூடவே நடந்து வந்தவர்கள் போட்டது 160 ரூபாய் அளவில். எனக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியம். அலகு குத்திக்கொள்ளாமல், வெயிலில் பக்கத்தில் நடந்தவர்களிடமும் அந்தப் பிணைப்பு வந்திருக்கிறது. நீங்களும் முதல் நாளே அலகு குத்திக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் கையெழுத்துப் போட வேண்டாமா? போடுங்கள் என்பதுதான் என் கருத்து. இன்றே வேண்டாம், அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன். 10 லட்சம் ரூபாய் வரையான குழுக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நகையும் பத்திரமும் இல்லாத இடத்தில், நீங்கள் 14 பேரும் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதையே வங்கி பிணையாகக் கொள்கிறது. குழுவாகக் கடன் வாங்கும்போது உறுப்பினர் அனைவரும் உடன்படிக்கையில் கையெழுத்திடுவது வழக்கம். அதாவது நீங்களும் உங்கள் கணவரும் பயப்படுகிற பொறுப்பில் பெரும்பகுதி, பிரதிநிதி ஆகாவிட்டாலும் உங்கள் தலையில் இருக்கும். பிரதிநிதி ஆனால் கூடுதலாகக் கிடைப்பது, நோட்டையும் பாஸ்புக்கையும் அடிக்கடி கையில் வாங்கிப் பார்க்கும் வாய்ப்பு. உங்களைப் போல் கணக்கில் கண்ணாக இருப்பவர் அந்த இடத்தில் இருப்பது குழுவுக்கும் நல்லது, உங்கள் பயத்துக்கும் நல்லது.

அதற்கு முன் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு முழுநேரமும் இருங்கள். உள்கடன் பதிவேட்டையும் தீர்மானப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். 7 லட்சத்தில் யாருக்கு எவ்வளவு, எதற்காக, மாதத் தவணை எவ்வளவு என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். “சந்தேகப்படுகிறாயா?” என்று யாராவது கேட்டால், அம்மாவின் சீட்டுக் கதையைச் சொல்லுங்கள்; மறைக்க அதில் ஒன்றுமில்லை. வங்கிக்கு நீங்களே போய், ஒப்பந்தத்தில் உங்கள் பொறுப்பு என்ன என்று அதிகாரியிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள். அவர் பயப்படுவது உங்கள் மீதுள்ள அக்கறையால். அவருக்குத் தெரியாமல் போட்ட கையெழுத்து வேறொரு நம்பிக்கையைக் கெடுக்கும். பிரதிநிதி ஆன பிறகு, அவசரம் என்று யார் சொன்னாலும், தொகை நிரப்பாத காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். குழுவை நடத்தும் ஊக்குநர் தங்கமானவராக இருந்தாலும் போடாதீர்கள். ஏடுகளைக் காட்ட மறுத்தால், நாளை நாளை என்று இழுத்தால், பிரதிநிதி பதவி வேண்டாம். அந்தக் கடனிலும் பங்கேற்காதீர்கள். மகளிர் திட்ட அலுவலகத்தில் சொல்லலாம்.

இதோடு இன்னொன்று: குழுவில் ஒரு சின்ன உள்கடன் வாங்குங்கள். மூவாயிரம் போதும். மகனின் சீருடைக்கோ தையல் மிஷின் பழுதுக்கோ ஏதாவது ஓர் உண்மையான தேவைக்கு. உங்களிடம் பணம் இருந்தாலும் வாங்குங்கள். எல்லோர் முன்னாலும் “எனக்குத் தேவைப்படுகிறது” என்று சொல்லும்போது நாக்கு எழாது; தொண்டை அடைக்கும். சொல்லிவிடுங்கள். உங்களை நம்புவதற்கு அந்த 13 பேருக்கும் இதுவரை ஒரு வாய்ப்புக்கூட நீங்கள் கொடுத்ததில்லை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டாக வேண்டும். ‘அசலூர்க்காரி’ என்ற சொல்லுக்குள் சாதி இருக்கிறதா? உங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்களா? கூட்டம் உங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதாவது நடந்திருக்கிறதா? பேச்சு மாறுவதற்கு அதுதான் காரணம் என்றால், மேலே நான் சொன்ன எதுவும் உங்கள் குறை ஆகாது. அங்கே மாற வேண்டியவர்கள் அவர்கள். அப்படியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அதற்கு வேறு பதில் உண்டு.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இந்த வாரமே போங்கள். மன்னிப்பு என்று பெரிதாக எதுவும் வேண்டாம். பலகாரம், பழம் என்று கையில் எதையும் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் அதையும் நேர் செய்துவிட்டு வந்த கணக்காகிவிடும். காலிக் கிண்ணத்தோடு போய், ஒரு கரண்டி உறைமோர் கேளுங்கள். விளக்கு வைப்பதற்கு முன்னால் போங்கள், அதற்குப் பிறகு உறை கொடுக்கத் தயங்குவார்கள். அவர் உள்ளே போய் எடுத்து வரும் நேரத்தில் அந்த இரவைப் பற்றிச் சொல்லுங்கள்: “கதவைத் தட்டலாம் என்று வாசல் வரை வந்தேன் அக்கா, பயமாக இருந்தது.” வாசல் வரை வரவில்லை என்றால், வரவில்லை என்றே சொல்லுங்கள்.